அமுக்குப் பேயும் மூன்று மணி அலாரமும்

போன மாதம் ஒரு புத்தக உரையாடல் முடிந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது கதை எங்கெங்கோ சுற்றி நித்திரையில் வந்து நின்றது. எங்களில் ஒருத்தி சும்மா சொல்வது மாதிரித்தான் சொன்னாள்: "எனக்கு ஏ.எல். படிக்கேக்க பேய் அமத்தினது." சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்துத்தான் சொல்லியிருப்பாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தன், "எனக்கும்தான்" என்றான். பிறகு இன்னொருத்தி. கடைசியில் பார்த்தால் அங்கே இருந்தவர்களில் அரைவாசிப் பேருக்கு அது நடந்திருக்கிறது. வருசக்கணக்காக ஒன்றாகத் திரிகிறோம். காதல், கடன், வீட்டுச் சண்டை எல்லாம் கதைத்திருக்கிறோம். இதை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொன்னதே இல்லை.

அவள் சொன்னதை அவளின் சொல்லிலேயே தருகிறோம். "விடியப்புறம் முழிப்பு வந்திட்டுது. யன்னல் தெரியுது, பக்கத்தில தங்கச்சி படுத்திருக்கிறது தெரியுது. ஆனா ஒரு விரலைக்கூட அசைக்க ஏலாது. கூப்பிடப் பாக்கிறன், சத்தம் வரேல்லை. கால்மாட்டில ஆரோ நிக்கிற மாதிரி. பிறகு அது நெஞ்சில ஏறி இருந்து அமத்துது. மூச்சு எடுக்க ஏலேல்லை. செத்திட்டன் எண்டுதான் நினைச்சன்."

அம்மாவிடம் சொன்னாள். அம்மா பயந்துபோய் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். திருநீறு போட்டார்கள், கையில் நூல் கட்டினார்கள். "ஆம்பிளை ஒண்டின்ர ஆவி பிடிச்சிருக்கு" என்றும் ஒரு சொல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான வில்லங்கம் தொடங்கியது. பின்னேர வகுப்புக்குப் போக விடவில்லை. பொழுதுபட்ட பிறகு எங்கே நின்றாய், ஆரோடு நின்றாய், தலை குளித்துவிட்டு எந்தப் பக்கத்தால் வந்தாய் என்று மாமிமார் விசாரித்தார்கள். ஒழுங்கை முழுக்கக் கதை பரவியது. அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வந்தது நிற்கவில்லை. "நூல் கட்டினாப் பிறகு வரேல்லைத்தானே பிள்ளை எண்டு அம்மா கேப்பா. ஓமம்மா எண்டுவன்." நித்திரைக்குப் போகவே பயந்து முழித்துக்கொண்டிருந்தாள். முழித்துக்கொண்டிருந்ததால் அது இன்னும் கூட வந்தது. அந்த நிலையில்தான் சோதனை எழுதினாள்.

அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் இதைப்பற்றித் தேடி வாசித்தோம், ஒருத்தரோடொருத்தர் வாதாடினோம். எங்களுக்கு வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அமுக்குப் பேயும், இப்போது யூரியூப்பிலும் ரிக்ரொக்கிலும் எல்லாரும் துரத்துகிற 'லூசிட் ட்ரீம்' என்ற தெளிவுக் கனவும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். எந்த வாசலால் உள்ளே போகிறோம் என்பதைப் பேய் தீர்மானிப்பதில்லை. எங்களுக்கு எவ்வளவு நித்திரை கிடைத்தது, எங்களுக்கு ஆர் என்ன கதை சொல்லித் தந்தார்கள் என்கிற இரண்டும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

சரி, என்னதான் நடக்கிறது?

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்ற இருவர், நித்திரையில் இருப்பவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக ஓடுகிற நேரங்கள் இருப்பதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இதைத்தான் 'ரெம்' நித்திரை என்கிறார்கள். சில வருசங்களில் பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்பவர் பூனைகளை வைத்து இன்னொன்றைக் கண்டார். இந்த நித்திரையில் மூளை முழிப்பில் இருப்பதுபோல வேலை செய்கிறது. உடம்பின் தசைகளோ முற்றாகத் தளர்ந்து கிடக்கின்றன. மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திய பூனைகள், நித்திரை கலையாமலேயே எழுந்து இரை தேடுவதுபோலப் பதுங்கின, பாய்ந்தன. அதாவது கனவு காணும்போது எங்கள் உடம்புக்கு மூளை ஒரு பூட்டுப் போடுகிறது. கனவில் ஓடினால் கட்டிலில் இருந்தும் எழும்பி ஓடிவிடக்கூடாது என்பதற்கான காவல் அது. ஒவ்வொரு இரவும் எங்கள் எல்லாருக்கும் பல தடவை அந்தப் பூட்டு விழுகிறது. முழிக்கும் முன் திறந்துவிடுவதால் எங்களுக்குத் தெரிவதில்லை.

எப்போதாவது பூட்டுத் திறக்கும் முன் நாங்கள் முழித்துவிடுகிறோம். அதுதான் நித்திரை முடக்கம். ஆங்கிலத்தில் 'ஸ்லீப் பரலிசிஸ்'. சில செக்கன்களில் இருந்து சில நிமிடங்கள் வரை இருக்கும், தானாகவே விடும். நெஞ்சில் ஏறி இருந்ததும் வெறும் கற்பனை இல்லை. விலா எலும்புகளை விரிக்கிற தசைகளும் பூட்டுக்குள் இருக்கின்றன. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையில் உள்ள உதரவிதானம்தான் தனியே மூச்சை நடத்துகிறது. மூச்சு நிற்பதில்லை. ஆனால் பயத்தில் ஆழமாக இழுக்கப் பார்த்தால் நெஞ்சு விரியாது. ஆரோ ஏறி இருப்பதுபோலத்தான் இருக்கும். கண் திறந்திருக்கிறது, கனவோ இன்னும் முடியவில்லை. அதனால் கனவு அறைக்குள் வழிகிறது. பயத்தை எழுப்புகிற மூளைப் பகுதி அந்த நேரம் உசாராக இருக்கிறது. "இங்க ஆரோ நிக்கினம்" என்ற உணர்வு முதலில் வருகிறது, உருவம் பின்னால் வருகிறது.

உலகம் முழுக்க ஆட்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் கனாஷிபாரி. தாய்லாந்தில் பீ அம். சீனாவில் 'பேய் கட்டிலை அமுக்குது' என்பார்கள். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அது ஒரு கிழட்டுச் சூனியக்காரி. 1781இல் ஹென்றி ஃபியூசெலி வரைந்த 'த நைட்மேர்' ஓவியத்தில், படுத்திருக்கிற பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிப் பிசாசு குந்தியிருக்கும். எங்கள் வீடுகளில் அமுக்குப் பேய்.

எங்கள் அம்மம்மாமாரைப் பார்த்துச் சிரிக்க முதல் ஒன்றை யோசிக்க வேண்டும். அவர்கள் சொன்ன விவரங்களில் பிழை குறைவு. மல்லாக்கப் படுத்தால் வரும் என்றார்கள். அது உண்மை, மல்லாந்து படுக்கிறவர்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. விடியப்புறம் வரும் என்றார்கள். அதுவும் சரி, ரெம் நித்திரை இரவின் பிற்பகுதியில்தான் நீளமாக வருகிறது. ஆராவது தொட்டு உலுப்பினால் போய்விடும் என்றார்கள். அதுவும் சரி. நியூபவுண்ட்லாந்தில் இதை ஆராய்ந்த டேவிட் ஹஃபர்ட் 1982இல் எழுதிய புத்தகத்தில் சொல்வதும் இதைத்தான்: அந்தக் கதையைக் கேள்விப்படாதவர்களுக்கும் இதே அனுபவம்தான் வந்திருக்கிறது. கதை அனுபவத்தை உண்டாக்கவில்லை. அனுபவத்தில் இருந்து கதை வந்தது.

ஆனால் வந்த கதை சும்மா இருப்பதில்லை. பாலன்ட் ஜலால், டெவன் ஹின்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டார்கள். ஜின் பற்றிய நம்பிக்கை ஆழமாக உள்ள எகிப்தில் நித்திரை முடக்கம் வந்தவர்கள், செத்துவிடுவோம் என்று டென்மார்க் ஆட்களைவிடக் கூடப் பயந்தார்கள். அசையமுடியாமல் கிடந்த நேரமும் அவர்களுக்குக் கூட. கதை பயத்தைக் கூட்டுகிறது. பயம் நித்திரையைக் குழப்புகிறது. குழம்பின நித்திரை திரும்பவும் அதையே கொண்டுவருகிறது. எங்கள் சிநேகிதிக்கு நடந்ததும் இந்தச் சுற்றுத்தான்.

இனி மற்ற வாசலுக்கு வருவம்.

கனவு காணும்போதே "இது கனவு" என்று தெரிந்துவிட்டால் அது தெளிவுக் கனவு. நெதர்லாந்தின் ஃபிரெடெரிக் வான் ஏடன் 1913இல் இதற்கு 'லூசிட்' என்ற பெயரைக் கொடுத்தார். திபெத்திய பௌத்தத்தில் கனவு யோகம் என்று அதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே பயிற்சி இருக்கிறது. ஆனால் விஞ்ஞானிகள் கனகாலம் நம்பவில்லை. கனவு காண்பவர் சாட்சி சொல்ல முடியாதே. உடம்புதான் பூட்டிக் கிடக்கிறதே.

அந்தப் பூட்டுக்குள் அகப்படாதவை கண்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் இதைத்தான் பயன்படுத்தினார். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை தடவை ஆட்டவேண்டும் என்று நித்திரைக்குப் போகிறவரோடு முதலே பேசிவைத்தார். கருவியில் அந்தக் குறிப்பு வந்து விழுந்தது. சில வருசங்களில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபேர்ஜ் அதைத் தனியாகச் செய்துகாட்டி 1981இல் வெளியிட்டார். 2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து ஆகிய நாலு நாட்டு ஆய்வுகூடங்கள் இன்னும் ஒரு படி போயின. கனவுக்குள் இருந்தவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். அவர் கண்ணை ஆட்டி இரண்டு என்று பதில் சொன்னார்.

எங்கள் சிநேகிதியை இப்போது நினைத்துப் பாருங்கள். அவளுக்கும் ஆட்ட முடிந்தது கண்களை மட்டும்தான். அந்தக் கண்களால் அவள் கால்மாட்டில் நிற்கிற உருவத்தைத் தேடினாள். ஹல் பல்கலைக்கழகத்தில் படுத்திருந்தவர் அதே கண்களால், "நான் இங்கதான் நிக்கிறன், கனவுக்குள்ள" என்று வெளியே தகவல் அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே பூட்டுக்குள்தான் கிடந்தார்கள். இரண்டு பேருக்கும் கனவு ஓடிக்கொண்டிருந்தது, அறிவும் முழித்திருந்தது. ஒருவருக்கு நடப்பது கனவு என்று தெரியும். மற்றவளுக்கு அதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

இப்படி எழுதும்போது இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவரவில்லை. டான் டெனிஸ், ஜூலியா போரியோ என்ற ஆய்வாளர்கள் 2017இல் இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒன்று உள்ளவர்களுக்கு மற்றதும் இருக்கும் போக்குத் தெரிந்தது, ஆனால் அந்தத் தொடர்பு வலுவானது இல்லை. நித்திரை முடக்கம் மோசமான நித்திரையோடு சேர்ந்து வந்தது. தெளிவுக் கனவுக்கு அந்தத் தொடர்பு இல்லை. அது மனதில் காட்சிகளைத் தெளிவாகக் காண்கிறவர்களிடமும் நல்ல பகற்கனவு காண்கிறவர்களிடமும் கூடுதலாக இருந்தது. அதாவது பேய் வருகிற வாசலில் களைப்பு நிற்கிறது.

எங்களைத் தூக்கிப்போட்ட விசயம் இனித்தான் வருகிறது. 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நித்திரை முடக்கத்தை ஆய்வுகூடத்திலேயே வரவழைத்துக் காட்டினார்கள். செய்முறை லேசானது. நித்திரையில் இருப்பவரை இரவில் எழுப்ப வேண்டும். ஒரு மணித்தியாலம் அளவில் முழித்திருக்க வைக்க வேண்டும். பிறகு படுக்கவிட வேண்டும். அப்படிப் படுக்கும்போது சிலருக்கு வழமையான படிகளைத் தாண்டி நேரே ரெம் நித்திரை வந்துவிடுகிறது. முழிப்பும் கனவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. சிலருக்கு அங்கே நித்திரை முடக்கம் வந்தது.

தெளிவுக் கனவு சொல்லித்தருகிற வீடியோக்களில் உள்ள முதலாவது வழிமுறையைப் பாருங்கள். ஐந்து மணித்தியாலம் படு, அலாரம் வைத்து எழும்பு, கொஞ்ச நேரம் முழித்திரு, திரும்பப் படு. அதே செய்முறை.

இனி எங்கள் ஊர் ஏ.எல். பிள்ளையின் நேர அட்டவணையைப் பாருங்கள். பத்து மணிக்குப் படு. மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழும்பு, "விடியப்புறம் படிச்சாத்தான் மண்டையில ஏறும்." நாலரைக்குக் கண் சொருகினால் புத்தகத்தை மடித்துவிட்டு ஒருக்காச் சரி. ஆறு மணிக்குத் திரும்ப எழும்பி ரியூசனுக்கு ஓடு. அதுவும் அதே செய்முறைதான்! ஜப்பானிய ஆய்வுகூடத்தில் சில இரவுகள் செய்ததை எங்கள் வீடுகளில் இரண்டு வருசம் விடாமல் செய்கிறார்கள். பிறகு பேய் எங்கே இருந்து வந்தது என்று வேலிப் பக்கத்தில் தேடுகிறார்கள்.

2011இல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர் அதுவரை வந்த 35 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொதுவாக நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் வாழ்நாளில் ஒருதடவையாவது இதை அனுபவித்திருந்தார்கள். மாணவர்களைத் தனியே எடுத்தால் அது நூற்றுக்கு 28. மாணவர்கள் பேய்க்கு விருப்பமானவர்கள் என்றில்லை. நித்திரையை வெட்டித்தின்று வாழ்கிறவர்கள் அவர்கள்.

ஆகவே எங்கள் முதலாவது சண்டை மூன்று மணி அலாரத்தோடு. பிள்ளை நித்திரை முழிப்பதைப் பெருமையாகச் சொல்கிற வீடு, ஞாயிறும் போயா நாளும் வகுப்பு வைக்கிற ரியூசன், நாலு மணித்தியாலம் மட்டும் படுத்து முதலிடம் வந்ததாகச் சொல்கிற பேட்டி எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பேயை வளர்க்கின்றன. படித்தது மனதில் தங்குவதற்கும் நித்திரை வேண்டும். நித்திரையை வெட்டிப் படிப்பது மீற்றர் வட்டிக்குக் கடன் எடுப்பது மாதிரி. கையில் காசு வந்தது போல இருக்கும். கட்டி முடியாது.

இரண்டாவது சண்டை கனவு விற்கிறவர்களோடு. எங்களில் ஒரு தம்பி இந்த வீடியோக்களைப் பார்த்து ஒரு மாதம் ஒவ்வொரு விடியப்புறமும் அலாரம் வைத்தான். பறக்கவேண்டும் என்பதுதான் அவனுக்கு ஆசை. ஒருக்காலும் பறக்கவில்லை, மூன்று தடவை அமத்துப்பட்டான். பகல் முழுக்க வகுப்பில் தூங்கி விழுந்தான். "நித்திரை முடக்கம்தான் தெளிவுக் கனவுக்கு வாசல், பயப்படாமல் வரவழையுங்கள்" என்று அந்த வீடியோவில் ஒருவர் சொல்கிறார். முழுப்பொய் என்று சொல்லமாட்டோம். முடக்கத்தில் இருந்து அமைதியாகக் கனவுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காக நித்திரை கொள்கிற ஒருவர் எப்போதாவது செய்து பார்ப்பதும், ஏற்கெனவே நித்திரை இல்லாத பிள்ளை தினமும் நித்திரையை உடைப்பதும் ஒன்றில்லை. பயங்கரக் கனவுகளோடு அல்லலுறுகிற ஒருவருக்கு இதைச் சிபாரிசு செய்வது இன்னும் மோசம். கனவு காண அப் வேண்டாம், கண்ணில் கட்டுகிற கருவி வேண்டாம். எழும்பினவுடன் கண்ட கனவைக் கொப்பியில் எழுதுங்கள். இடைக்கிடை பகலில் "இது கனவோ?" என்று கேட்டுப் பாருங்கள். இரவில் முழுசாக நித்திரை கொள்ளுங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால் நல்ல நித்திரையாவது மிச்சம்.

மூன்றாவது சண்டை கொஞ்சம் கசப்பானது. அது நூலோடு இல்லை. நூல் ஒருத்திக்குத் தைரியம் தருமென்றால் கட்டட்டும், திருநீறு பூசட்டும், ஓதிப் பார்க்கட்டும், ஜெபிக்கட்டும். நூலைக் கட்டிவிட்டு அவளின் நடத்தையை விசாரிக்கிறதுதான் பிரச்சினை. பெடியனுக்குப் பேய் அமத்தினால் "பயந்திட்டான்" என்று முடிக்கிறார்கள். பெட்டைக்கு அமத்தினால் எங்கே போனாள், ஆரைப் பார்த்தாள், என்ன உடுத்தாள் என்று தொடங்குகிறார்கள். உடம்பின் பூட்டு ஒன்று அரை நிமிடம் பிந்தித் திறந்ததற்காக ஒரு பிள்ளையின் வகுப்பு நிற்கிறது, வெளியே போவது நிற்கிறது, கலியாணப் பேச்சு வரை கதை நீள்கிறது. பேயோட்டுவதாகச் சொல்லி அடிக்கிற இடங்களும் இருக்கின்றன. அது குற்றம். அதை வைத்தியம் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

விஞ்ஞானம் படித்த எங்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. நடுங்கிக்கொண்டு வந்து சொல்கிற ஒருவரிடம், "ஒண்டுமில்லை, உது வெறும் ஸ்லீப் பரலிசிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறோமே, அதுவும் வாயை மூடவைக்கிற வேலைதான். பொல்பொட் காலத்தில் இருந்து தப்பி அமெரிக்கா போன கம்போடிய அகதிகளிடம் ஹின்டனும் அவரின் குழுவினரும் செய்த ஆய்வு 2005இல் வந்தது. கெமர் மொழியிலும் இதற்குப் பெயர் 'பேய் அமத்துது' என்பதுதான். அங்கே போரின் அதிர்ச்சி ஆறாதவர்களுக்கு மற்றவர்களைவிட இது மிகக் கூடுதலாக வந்தது. வாசித்தபோது எங்களுக்கு எங்கள் வீடுகள் நினைவுக்கு வந்தன. பங்கருக்குள் நித்திரை முழித்தவர்கள், முகாமில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள், திரும்பி வராத ஒருவருக்காக இன்னும் படலையைப் பார்க்கிறவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாமா ஒருவர் "ராத்திரி வந்து அமத்திப்போட்டுது" என்று சொன்னால், ரெம் நித்திரை பற்றி விளங்கப்படுத்த முதல், "ஆர் மாமா வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சிலவேளை பேயைப்பற்றி இருக்காது.

இனி வந்தால் என்ன செய்யலாம்? முதலாவது, பெயரைச் சொல்லுங்கள். "இது நித்திரை முடக்கம், மூச்சு நிக்காது, தானா விடும்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். முழு உடம்பையும் ஒரேயடியாக உதறி எழும்பப் பார்க்க வேண்டாம், அது பயத்தைத்தான் கூட்டும். உருவத்தைப் பார்த்துக்கொண்டிராமல் மனதை நல்ல ஒன்றில், ஒரு முகத்திலோ பிரார்த்தனையிலோ நிறுத்துங்கள். தசையைத் தளரவிடுங்கள். ஜலால் 2016இல் முன்வைத்த வழிமுறையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். சிலருக்குக் கால் பெருவிரலையோ நாக்கையோ மெதுவாக ஆட்டப் பார்ப்பது உதவுகிறது. சரிந்து படுங்கள். படுக்கிற நேரத்தையும் எழும்புகிற நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். பக்கத்தில் படுக்கிறவருக்கு முதலே சொல்லிவையுங்கள். ஒரு தொடுகை போதும்.

எப்போதாவது வந்தால் வைத்தியம் தேவையில்லை. அடிக்கடி வந்தால், பகலில் அடக்கமுடியாத நித்திரை வந்தால், சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழப் பார்த்தால், படுக்கவே பயமாக இருந்தால் டொக்டரைப் பார்க்க வேண்டும். நார்கொலெப்சி என்ற நோயிலும் இது வரும், அதற்கு மருந்து இருக்கிறது. அரச ஆஸ்பத்திரிகளின் உளநலப் பிரிவுக்குப் போவது வெட்கமான விசயம் இல்லை. கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

எங்கள் சிநேகிதிக்கு இப்போதும் எப்போதாவது வரும். அண்மையில் இரவு பஸ்ஸில் கொழும்பில் இருந்து வந்து களைத்துப் படுத்த நாளில் வந்ததாம். "கால்மாட்டில நிண்டது. எனக்கு என்ன எண்டு தெரியும்தானே. சரி வந்திட்டாய், இரு எண்டு மனசுக்குள்ள சொன்னன். பேசாமக் கிடந்தன். கொஞ்ச நேரத்தில அறை இல்லை. அம்மம்மா வீட்டுக் கிணத்துக்கட்டில இருக்கிறன். கனவு எண்டு வடிவாத் தெரியுது."

"பறந்தியோ?" என்று அந்தத் தம்பி ஆவலாகக் கேட்டான்.

"இல்லையடா. காலை ஆட்டிக்கொண்டு இருந்தன். காத்து நல்லா இருந்தது."

அவளின் கையில் அந்த நூல் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்காகக் கழற்றவில்லையாம். ஆனால் இந்த முறை அம்மா "வரேல்லைத்தானே பிள்ளை?" என்று கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. வந்தது, இருந்தது, போய்விட்டது என்று முழுக்கதையையும் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் உன்னை வயித்தில வச்சிருக்கேக்க வந்ததடி" என்றாராம். இத்தனை வருசமாக அவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

உங்களுக்கும் நடந்திருந்தால் ஆரிடமாவது சொல்லுங்கள். உங்களிடம் ஆராவது சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். இன்றைக்கு மட்டுமாவது அந்த மூன்று மணி அலாரத்தை நிற்பாட்டிவிட்டுப் படுங்கள்.